இடம் மாறினாலும் கிளினிக் தொடர்பு அறக்கூடாது
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சொந்தக் காணிக்குத் திரும்பும்போது எத்தனை வேலை தலைக்கு மேல் வந்து நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பற்றை வெட்ட வேண்டும். கிணறு இறைக்க வேண்டும். கொட்டில் போட வேண்டும். விதானையாரிடம் பதிய வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் எங்கள் உடம்பைப் பற்றிய விடயங்கள் கடைசிக்குத் தள்ளுப்பட்டுப் போகின்றன. அதிலும் வெட்கப்பட்டுக் கதைக்காமல் விடுகின்ற கர்ப்பம், குடும்பத்திட்டம், மாதவிடாய், பாலியல் நோய் எல்லாம் இன்னும் பின்னுக்குப் போய்விடுகின்றன.

ஆனால் வீடு கட்டி முடியும்வரை இவை காத்திருப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் தவணை, நாங்கள் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும் அன்றைக்கே வரலாம். இடம்பெயர்ந்து இருந்த ஊரில் எங்களைத் தெரிந்த மிட்வைஃப் ஒருவர் இருந்தார். கிளினிக் நாள் எது என்று தெரிந்திருந்தது. இங்கே வந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அதை மறுபடி கட்டிக்கொள்ள, உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கைத்தொலைபேசி எப்படி உதவும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஐயாமாரும் தம்பிமாரும் தயவுசெய்து எழும்பிப் போக வேண்டாம். இது பெண்களுக்கு மட்டுமான கதை அல்ல. பல வீடுகளில் போன் உங்கள் சட்டைப்பைக்குள்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பேச்சில் பாதி உங்களுக்குரியது.

முதலில் ஓர் இலக்கம்

போனில் நீங்கள் முதலாவதாகப் பதிய வேண்டியது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் இலக்கம். மிட்வைஃப் என்று நாங்கள் அழைப்பது இவரைத்தான். இலங்கையில் ஒவ்வொரு கிராமமும் யாரோ ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக மக்கள் திரும்பிய இடங்களில் ஒருவரே இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்க்க வேண்டி வரலாம். நீங்கள் திரும்பி வந்தது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆகவே அவர் வீட்டுக்கு வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், நீங்களே அழைத்து, "நாங்கள் இன்ன கிராமத்துக்கு வந்திருக்கிறோம், வீட்டில் இத்தனை பேர், கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லுங்கள்.

இலக்கம் எங்கே எடுப்பது? எம்.ஓ.எச். ஒபிஸ் என்று நாங்கள் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். விதானையாரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் பெரும்பாலும் இருக்கும். பழைய இடத்து மிட்வைஃபின் இலக்கத்தை அழித்துவிட வேண்டாம். உங்கள் பழைய விபரங்கள் அவரிடம்தான் இருக்கின்றன. புதியவர் ஏதாவது கேட்டால் அவரோடு கதைக்கச் சொல்லலாம்.

இரண்டாவது, அட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள்

இடம்பெயர்ந்த வாழ்க்கையில் நாங்கள் கற்ற பாடம், கடதாசி தொலையும் என்பது. மழையில் நனையும், கறையான் தின்னும், சாமானோடு சாமானாக எங்கேயோ போய்விடும். கர்ப்பிணித் தாய்ப் பதிவேடு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, குடும்பத்திட்ட அட்டை, இரத்தப் பரிசோதனைத் துண்டு, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுத்து வாசிக்கத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தால், உங்கள் போன் கிணற்றுக்குள் விழுந்தாலும் விபரம் பிழைத்துக்கொள்ளும்.

இந்தியாவில் இருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பிள்ளைக்குப் போட்ட தடுப்பூசி அட்டை, பிரசவ அறிக்கை எல்லாவற்றையும் படமெடுத்து இங்கேயுள்ள மிட்வைஃபிடம் காட்டுங்கள். எந்த ஊசி போட்டாயிற்று, எது மிச்சம் என்று அவர் பார்த்துப் புதிய பதிவேட்டில் எழுதித் தருவார்.

மூன்றாவது, நாட்களைப் போனுக்குச் சொல்லிக் கொடுங்கள்

சாதாரணப் பட்டன் போனிலும் கலண்டர் இருக்கிறது, அலாரம் இருக்கிறது. அதுவே போதும். தென்னாபிரிக்காவில் 2014ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் 'மொம்கனெக்ட்' என்ற சேவையை ஆரம்பித்தது. கர்ப்பிணித் தாய் கிளினிக்கில் பதிந்தவுடன், அவருடைய கர்ப்பத்தின் வாரத்துக்கு ஏற்ற ஆலோசனை சாதாரணப் போனுக்கே குறுஞ்செய்தியாக இலவசமாக வரும். விலை கூடிய போன் தேவைப்படவில்லை. சரியான நாளில் சரியான ஞாபகமூட்டல் வந்தால் போதும். எங்கள் போனில் அந்த ஞாபகமூட்டலை நாங்களே போட்டுக்கொள்ளலாம்.

எந்த நாட்களைப் போடுவது? மாதவிடாய் தொடங்கும் நாளை ஒவ்வொரு மாதமும் பதியுங்கள். நாள் தள்ளிப் போனால் உடனே தெரியும். கர்ப்பம் என்று தெரிந்தால் எட்டு வாரத்துக்குள் மிட்வைஃபிடம் பதிய வேண்டும். கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து 280 நாட்களை, அதாவது 40 வாரங்களை எண்ணித்தான் பிரசவத் திகதியைக் கணக்கிடுகிறார்கள். அந்த முதல் நாள் உங்கள் போனில் இருந்தால், கிளினிக்கில் "சரியாக ஞாபகம் இல்லை, மிஸி" என்று சொல்ல வேண்டி வராது.

ஊசி போடுபவர்கள் அடுத்த தவணைக்கு ஒரு கிழமை முன்னரே அலாரம் வையுங்கள். தவணை பிந்திவிட்டால் "பரவாயில்லை" என்று இருந்துவிடாமல், மிட்வைஃபைக் காணும்வரை கொண்டம் பாவியுங்கள். கைத்தோலின் கீழ் வைக்கும் ஜடெல் 5 வருடங்களுக்கு வேலை செய்யும். செப்பு லூப் 10 வருடங்களுக்கு வேலை செய்யும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது வைத்தவர்கள் பலருக்கு எந்த வருடம் வைத்தது என்பதே மறந்துபோயிருக்கலாம். அட்டையைத் தேடிப் பார்த்து, எடுக்க வேண்டிய வருடத்தைப் போனில் குறித்து வையுங்கள்.

இன்னும் இரண்டு நாட்கள். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் இரண்டு தடவை போடப்படுகிறது. முதலாவதைப் பழைய பள்ளிக்கூடத்தில் போட்ட பிள்ளைக்கு இரண்டாவது விடுபட்டிருக்கலாம். கேட்டு அறியுங்கள். அம்மாமாருக்கு 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை உண்டு. நோவு இல்லை என்பதற்காக அதைத் தவற விட வேண்டாம். நோவு வருவதற்கு முன்னர் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தக் கிளினிக்.

நான்காவது, 1990

1990 என்பது 'சுவ செரிய' இலவச அம்புலன்ஸ் சேவை. வடக்கில் இது 2018 ஜூலையில் ஆரம்பமானது. பணம் கேட்க மாட்டார்கள். கர்ப்பிணிக்கு இரத்தம் போனால், கடுமையான தலையிடியும் கண் மங்கலும் வந்தால், வலிப்பு வந்தால், தண்ணீர்க் குடம் உடைந்தால், குழந்தையின் அசைவு வழமையைவிடக் குறைந்தால், கடும் காய்ச்சல் அடித்தால், பிரசவத்துக்குப் பிறகு இரத்தப் போக்கு நிற்காவிட்டால், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அழையுங்கள்.

இதில் மீள்குடியேறிய கிராமங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. வீட்டு இலக்கம் இல்லை, ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை, பழைய அடையாளங்கள் பலதும் அழிந்துவிட்டன. நோவோடு துடிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழி சொல்வது சுலபமில்லை. ஆகவே இன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வரும் வழியை நான்கு வரியில் எழுதிப் போனிலும் போட்டு, கொட்டில் கப்பிலும் ஒட்டி வையுங்கள். பிரதேச செயலகப் பிரிவு, கிராமத்தின் பெயர், பெரிய வீதியில் இருந்து திரும்பும் இடத்தில் இருக்கும் கோயில், பள்ளிக்கூடம் அல்லது மதகு, கடைசியாக வாகனம் வரக்கூடிய இடம். வீட்டில் உள்ள பிள்ளைகூட வாசித்துச் சொல்லக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்போது ஒருவர் டோர்ச்சோடு வீதிக்குப் போய் நிற்கட்டும்.

சில இடங்களில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். கரண்ட் இன்னும் வராத வீடுகளில் கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறீர்கள். வீட்டில் ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி இருந்தால், ஒரு போன் எந்நேரமும் சார்ஜோடு வீட்டில் நிற்க வேண்டும். கணவர் வேலைக்குப் போகும்போது இருக்கும் ஒரேயொரு போனையும் கொண்டு போனால், அந்த வீட்டில் 1990 என்ற இலக்கம் தெரிந்தும் பிரயோசனமில்லை. ஐயாமாரே, இந்தப் பேச்சில் உங்களுக்குரிய பாதி என்று நான் சொன்னதில் இது முதலாவது. சிக்னல் இல்லாத ஊர் என்றால், எந்த ஓட்டோக்காரர் வருவார், பக்கத்து வீட்டில் யார் ஓடிவருவார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

போனில் வரும் எல்லாம் உண்மையல்ல

யூரியூப்பிலும் பேஸ்புக்கிலும் வைத்தியம் சொல்பவர்கள் நிறைய. "ஊசி போட்டால் பிறகு பிள்ளையே தங்காது" என்று ஒருவர் சொல்வார். ஊசியை நிறுத்திய பிறகு கர்ப்பம் தங்கச் சில மாதங்கள் பிந்தலாம். ஆனால் தங்கும். "லூப் மேலே ஏறி நெஞ்சுக்குள் போய்விடும்" என்று இன்னொருவர் சொல்வார். கர்ப்பப்பையில் இருந்து நெஞ்சுக்குப் பாதை இல்லை. ஒரு வீடியோவைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்பவர் யார்? அவர் எதையாவது விற்கிறாரா? எங்கள் மிட்வைஃப் இதற்கு என்ன சொல்கிறார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு கோல் போதும்.

ஒரு விடயத்தைப் பட்டவர்த்தனமாகவே சொல்கிறேன். கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரை என்று போன் மூலம் விற்பவர்கள் இருக்கிறார்கள். என்ன மருந்து, எந்த அளவு, காலாவதியானதா என்று எதுவும் தெரியாது. இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். எதையாவது விழுங்கி இரத்தம் போகத் தொடங்கினால், யாரும் அறியாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள் படுத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன விழுங்கினீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அது தெரிந்தால்தான் சரியான சிகிச்சை செய்ய முடியும்.

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்து கர்ப்பம் தங்கிவிடுமோ என்று பயந்தால், அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இது கர்ப்பத்தைக் கலைப்பதில்லை, தங்காமல் தடுக்கிறது. மாதா மாதம் பாவிப்பதற்கானதும் அல்ல.

பாலியல் நோய் பற்றிய பயமும் பலரைப் போனில் தேட வைக்கிறது. தேடிப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பதைவிடப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. பெரிய அரச வைத்தியசாலைகளில் எஸ்.ரி.டி. கிளினிக் இருக்கிறது. சிகிச்சை இலவசம், இரகசியம் காக்கப்படும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதால்தான் அது முடிந்தது. நீங்களும் அந்தப் பரிசோதனையைத் தவற விட வேண்டாம்.

உங்கள் போன், உங்கள் இரகசியம்

ரீலோட் செய்வதற்குக் கடையில் இலக்கத்தைக் கொடுத்த பிறகு, தெரியாதவர்களிடமிருந்து கோல் வருகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுக்கும் குமர்ப்பிள்ளைகளுக்கும் இது பெரிய தொல்லை. கார்ட் வாங்கிச் சுரண்டி நீங்களே ஏற்றினால் யாருக்கும் இலக்கம் சொல்லத் தேவையில்லை. தெரியாத இலக்கத்தை புளொக் செய்யத் தெரியாவிட்டால், வீட்டில் நம்பிக்கையான பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள்.

கணவர் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்யும் வீடுகளில் போன்தான் குடும்ப வாழ்க்கையே. அதில் எடுக்கும் படங்கள் உங்கள் இருவருக்கும் மட்டும் உரியவை என்று நீங்கள் நினைப்பீர்கள். போன் திருத்தக் கொடுக்கும் நாளில் அவை கடைக்காரரின் கைக்குப் போகின்றன. கொடுக்க முன் மெமரி கார்ட்டையும் சிம்மையும் கழற்றி எடுங்கள். தனிப்பட்ட படங்களை அழித்துவிடுங்கள். முடிந்தால் அப்படியான படங்களை எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

தங்கைமாரே, தம்பிமாரே, யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அவைதான் சாட்சி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் 1929. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம், இரவும் பகலும் எடுக்கலாம். அம்மா அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படியொன்றைச் சொல்லிக்கொண்டு வந்தால், முதல் வேலையாகப் போனைப் பறித்து அடிக்கப் போகாதீர்கள். பிறகு அந்தப் பிள்ளை எதையும் உங்களிடம் சொல்லாது. மிரட்டுபவருக்கு வேண்டியதும் அதுதான்.

வீட்டுக்குள் அடி உதை, விருப்பமில்லாத உறவு, வெளியில் நடந்த வன்முறை, எதுவானாலும் பெண்கள் 1938ஐ அழைக்கலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' இருக்கிறது. அங்கே தனியாக இருந்து கதைக்கலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால், கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் மருந்து கொடுக்க முடியும். பொலிஸா, வழக்கா என்று யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். முதலில் மருந்து. மனம் தாங்காத நேரத்தில் 1926 இருக்கிறது. அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். உங்கள் போனை வேறு யாரும் பார்ப்பார்கள் என்றால், அழைத்த பிறகு கோல் பட்டியலில் இருந்து அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள். அல்லது மாதர் சங்கத்திலோ அயலிலோ நம்பிக்கையான ஒருவரின் போனில் இருந்து எடுங்கள்.

ஐயாமாருக்குரிய இரண்டாவது விடயம். மிட்வைஃப் அழைக்கும்போது போனை நீங்கள் எடுத்தால், "என்ன விடயம், என்னிடம் சொல்லுங்கோ" என்று விசாரிக்க வேண்டாம். மனைவியின் கையில் கொடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். சில கேள்விகளைத் தாய்மாரிடமும் கணவரிடமும்கூடச் சொல்லக் கூச்சப்படும் பெண், மிட்வைஃபிடம் மட்டும் கேட்பாள். அந்த ஐந்து நிமிடம் ஓர் உயிரைக் காப்பாற்றும் ஐந்து நிமிடமாக இருக்கலாம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் நீங்களும் தனியாக அழைத்துக் கேட்கலாம். குடும்பத்திட்டம் இருவருடைய பொறுப்பு.

போன் செய்யாதது

கடைசியாக ஒன்று. போன் இரத்த அழுத்தம் பார்க்காது. வயிற்றைத் தொட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. மாதவிடாயை எண்ணும் செயலியில் "பாதுகாப்பான நாள்" என்று காட்டுவதை நம்பிக் குடும்பத்திட்டத்தைக் கைவிட முடியாது. பிரசவம் முடிந்த முதல் பத்து நாட்களில் மிட்வைஃப் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். போனில் "சுகமாக இருக்கிறோம்" என்று சொல்லி அந்த வருகையை வேண்டாம் என்று விடாதீர்கள். வராவிட்டால் அழைத்து வரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இன்று இரவு படுக்கப் போக முன்னர் ஐந்து வேலை. மிட்வைஃபின் இலக்கத்தைப் பதியுங்கள். 1990, 1938, 1929, 1926 நான்கையும் பதியுங்கள். அட்டைகளைப் படமெடுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு அலாரம் வையுங்கள். வீட்டுக்கு வரும் வழியை எழுதி ஒட்டுங்கள். போன் பாவிக்கத் தெரியாத அயல்வீட்டு அம்மாவுக்கும் இதைச் செய்து கொடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, மிட்வைஃபின் இலக்கத்தை ஒரேயொரு பட்டனை அழுத்தினால் போகும் மாதிரிச் செய்து பழக்கிவிடுங்கள்.

இத்தனை வருடங்கள் அலைந்து திரும்பியவர்கள் நீங்கள். இந்தக் காணியில் பிறக்கப் போகும் பிள்ளைகள் சுகமாகப் பிறக்க வேண்டும். அவர்களைப் பெறும் தாய்மார் சுகமாக வீடு திரும்ப வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து கேளுங்கள். பெண்களோடு கதைக்கப் பெண் உத்தியோகத்தரும் இங்கே இருக்கிறார்.